தேய்ந்த தெனாரியத்தின் விலை



சீசருக்கு வரி செலுத்துவது முறையா என்று கேட்டு ஆண்டவரைச் சிக்கவைக்க வந்தவர்களுக்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. வரி கட்டும் காசு ஒன்றைக் காட்டச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் இருக்கும் உருவம் யாருடையது, எழுத்து யாருடையது என்று கேட்டார். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் இந்த நிகழ்ச்சியை எழுதிவைத்திருக்கிறார்கள். திருப்பலியில் இதைக் கேட்கிறோம். ஆண்டவரின் பதிலைப் பற்றி நிறையச் சிந்தித்திருக்கிறோம். அந்தக் காசைப் பற்றி அவ்வளவாகச் சிந்தித்ததில்லை. இன்று அந்தக் காசைச் சற்று கையில் எடுத்துப் பார்ப்போம்.

திருவிவிலியம் அதைத் தெனாரியம் என்று அழைக்கிறது. உரோமையரின் வெள்ளிக்காசு அது. கி.மு. 211-ஆம் ஆண்டையொட்டி, கார்த்தேஜ் நாட்டோடு உரோமை நடத்திய பெரும் போரின் நடுவே, இந்தக் காசை முதன்முதலாக அடித்தார்கள். பத்துச் செப்புக்காசுகளுக்கு ஈடானது என்பதால் 'பத்து' என்ற பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. பின்னர் அதன் மதிப்பைப் பதினாறு செப்புக்காசு என்று மாற்றினார்கள். பெயர் மட்டும் பழையதாகவே நின்றுவிட்டது. ஆண்டவர் வாழ்ந்த காலத்தில் அதன் எடை ஏறக்குறைய 3.8 கிராம், குறுக்களவு 18 அல்லது 19 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரியது. நம் உள்ளங்கையில் வைத்தால் வைத்ததே தெரியாது.

பழங்காசு சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஒரு காசு கைக்கு வந்ததும் அவர்கள் கேட்கிற முதல் கேள்விகள் எவை தெரியுமா? உருவம் யாருடையது? எழுத்து என்ன சொல்கிறது? ஆண்டவர் கேட்ட அதே இரண்டு கேள்விகள்தாம். அவற்றைக் கேட்காமல் எந்த உரோமைக் காசையும் அடையாளம் காண முடியாது.

எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்று பார்ப்போம். முதலில் தலைப் பக்கம். பேரரசரின் தலையில் இலைமாலை இருக்கிறதா, கதிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும் முடி இருக்கிறதா என்று கவனிப்பார்கள். இலைமாலை என்றால் அது பெரும்பாலும் தெனாரியம். கதிர்முடி அணிந்த வெள்ளிக்காசு என்றால், கி.பி. 215-இல் காரகல்லா என்ற பேரரசர் கொண்டுவந்த புதிய காசாக இருக்கும். இரண்டு தெனாரியத்துக்கு ஈடு என்று அதை வெளியிட்டதாகக் கருதுவர். ஆனால் அதில் இருந்த வெள்ளி ஒன்றரைத் தெனாரியத்துக்குத்தான் காணும். அரசு மக்களை ஏய்த்த கதை அந்தக் கதிர்முடியில் இருக்கிறது.

அடுத்தது எழுத்து. தலையைச் சுற்றி வட்டமாக, இடைவெளியே இல்லாமல் சுருக்கச் சுருக்கமாக எழுதியிருப்பார்கள். பேரரசரின் பெயர், தந்தையின் பெயர், பட்டங்கள், பதவிகள் எல்லாம் அதில் அடங்கும். எத்தனையாவது முறை எந்தப் பதவி வகித்தார் என்பதும் இருந்தால், காசு அடித்த ஆண்டையே சொல்லிவிடலாம். பிறகு பூப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். அங்கே ஒரு தெய்வமோ, போர்க்கருவியோ, கோயிலோ இருக்கும். இவற்றோடு எடையும் அளவும் சேர்ந்தால் காசு தன் பெயரையும் ஊரையும் சொல்லிவிடும்.

திபேரியு சீசரின் தெனாரியத்தை எடுத்துக்கொள்வோம். கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவர் அவர். நம் ஆண்டவரின் பொதுவாழ்வும் பாடுகளும் அவருடைய ஆட்சியில் நடந்தவை. தலைப் பக்கத்து எழுத்து அவரைத் 'தெய்வமான அகுஸ்துவின் மகன்' என்று அறிவிக்கிறது. பூப் பக்கத்தில் ஒரு பெண் கையில் கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கிறார். அவர் பேரரசரின் தாய் லிவியா என்று பலர் கருதுவர். அந்தப் பக்கத்து எழுத்து 'பொந்திஃப் மாக்சிம்', அதாவது தலைமைக் குரு. ஒரே கடவுளைத் தவிர வேறு கடவுளை வணங்காத ஒரு மக்களின் கையில், தெய்வத்தின் மகன் என்றும் தலைமைக் குரு என்றும் ஒரு மனிதனைப் பறைசாற்றும் காசு புழங்கியது. இதை எண்ணிப் பார்த்தால், காசைக் காட்டச் சொன்னபோது அங்கே நின்றவர்களுக்கு எப்படிச் சுருக்கென்றிருக்கும் என்று விளங்கும். காசு ஆண்டவரிடம் இல்லை, அவர்களிடம் இருந்தது.

இன்று காசு வணிகர்கள் இந்தத் திபேரியுவின் காசை 'வரிக்காசு' என்ற பெயரில் விற்கிறார்கள். அது அரிய காசு அல்ல. இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரில் ஏராளமாக அடித்த காசு. ஆனாலும் அதன் விலை அதிகம். நற்செய்தியில் வரும் காசு இதுவாக இருக்கலாம் என்ற எண்ணத்தில் கிறிஸ்தவர்கள் அதைத் தேடி வாங்குவதே காரணம்.

இதனோடு இன்னொரு காசை ஒப்பிட்டுப் பார்க்கலாம். திபேரியுவுக்கு முன் ஆண்ட அகுஸ்து சீசரின் தெனாரியம் அது. ஆண்டவர் பிறந்தபோது ஆட்சியில் இருந்தவர் என்று லூக்கா குறிப்பிடுகிற அதே அகுஸ்து. இதன் பூப் பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் கேடயங்களோடும் ஈட்டிகளோடும் நிற்கிறார்கள். அவர்கள் பெயர் காயு, லூக்கியு. அகுஸ்துவின் மகள்வழிப் பேரன்மார். பாட்டனாரே அவர்களை மகன்களாகத் தத்தெடுத்து வாரிசுகளாக அறிவித்திருந்தார். கி.பி. 2-இல் லூக்கியு இறந்தார். கி.பி. 4-இல் காயுவும் இறந்தார். வாரிசுகள் மண்ணுக்குள் போன பின்னும் அவர்கள் நிமிர்ந்து நிற்கும் காசு சந்தைகளில் கைமாறிக்கொண்டே இருந்தது. இதுவும் அதே லியோன் நகரில், அதே எடையில், அதே நல்ல வெள்ளியில் அடித்ததுதான். ஆனால் நற்செய்திப் பகுதியோடு பெயர் சேராததால், வரிக்காசைவிடக் குறைந்த விலைக்கே இது கிடைக்கிறது.

இவை இரண்டையும்விட மிக மலிவான உரோமை வெள்ளிக்காசுகளும் உண்டு. கி.பி. 193-இல் ஆட்சிக்கு வந்த செப்திமியு செவேரு என்ற பேரரசரும் அவர் குடும்பத்தாரும் வெளியிட்ட தெனாரியங்கள், அவர்களுக்குப் பின் மூன்றாம் கோர்தியன் காலத்துக் கதிர்முடிக் காசுகள் போன்றவை அவை. தேய்ந்த நிலையில் இருந்தால் வெளிநாட்டுச் சந்தைகளில் சில ஆயிரம் ரூபாய்க்கே வாங்கலாம். பதினெட்டு நூற்றாண்டுப் பழைமையான பொருள் ஒரு சாதாரணக் கைப்பேசியைவிட மலிவு! காரணம் எளிது. படைவீரர்களுக்குக் கூலி கொடுக்க அவற்றைக் கணக்கின்றி அடித்தார்கள். எதிரிகள் படையெடுத்தபோது மக்கள் பானையில் போட்டுப் புதைத்தார்கள். புதைத்தவர்களில் பலர் திரும்பி வரவில்லை. பல்கேரியா நாட்டில் 1929-இல் கிடைத்த ஒரே புதையலில் மட்டும் 80,000-க்கும் மேற்பட்ட காசுகள் இருந்தன. அருகிப் போனால்தான் விலை ஏறும். பெருகிக் கிடந்தால் பழைமை மட்டும் விலையைத் தூக்காது.

விலையை முடிவு செய்யும் இன்னொன்று வெள்ளியின் மாற்று. அகுஸ்து காலத்தில் ஏறத்தாழத் தூய வெள்ளி. கி.பி. 64-இல் நீரோ எடையைக் குறைத்தார்; முன்பு ஒரு உரோமை இராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில் 96 காசு அடித்தார்கள். மாற்றையும் குறைத்தார். செவேரு காலத்தில் வெள்ளி ஏறக்குறையப் பாதிதான் இருந்தது. கி.பி. 270 வாக்கில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. செம்புக்காசுக்கு வெள்ளிப் பூச்சுப் பூசி விட்டார்கள். ஆனால் பேரரசர்களின் உருவம் கம்பீரமாகவே இருந்தது! முகம் அப்படியே இருக்க, உள்ளே இருந்த வெள்ளி மட்டும் கரைந்துபோயிற்று. வெளிவேடத்துக்கு இதைவிடத் தெளிவான சான்றை வரலாற்றில் தேடத் தேவையில்லை.

இந்த மாற்றுக் குறைவை முதலில் உணர்ந்தவர்களில் நம் முன்னோரும் அடங்குவர் என்றால் வியப்பாக இருக்கும். கோவை, கரூர் பகுதிகளில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த உரோமை வெள்ளிக்காசுகளில் மிகப் பெரும்பாலானவை அகுஸ்து, திபேரியு ஆகிய இருவர் காலத்தவை. அவற்றிலும் நாம் மேலே பார்த்த அந்த இரண்டு வகைகளே மிகுதி. உடுமலைப்பேட்டை வட்டாரத்துப் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஒரே இடத்தில் கிடைத்தன. மிளகுக்கும் முத்துக்கும் பச்சைக்கல்லுக்கும் விலையாக வந்தவை அவை. மாற்றுக் குறைந்த பிற்காலக் காசுகள் இங்கே அவ்வளவாக ஏற்கப்படவில்லை. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று உரோமை அறிஞர் பிளினி குறைபட்டுக்கொண்டார். நான்கு செஸ்தர்ஸ் ஒரு தெனாரியம். ஆக, 1 கோடியே 25 லட்சம் தெனாரியம்.

அதே பிளினி இலங்கையைப் பற்றியும் ஒரு செய்தி தருகிறார். கிளாதியு பேரரசர் காலத்தில் (கி.பி. 41-54) செங்கடல் வரி வசூலிக்கும் குத்தகைதாரர் ஒருவரின் ஆள், அரேபியக் கரையோரம் பயணம் செய்தபோது காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் ஒதுங்கினார். அவரிடம் இருந்த தெனாரியங்களை அந்நாட்டு அரசர் பார்த்தார். காசுகளில் இருந்த முகங்கள் வெவ்வேறு. அப்படியென்றால் வெவ்வேறு ஆட்சியாளர்கள் வெளியிட்டவை. ஆனால் எடை எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தது. இதைக் கண்டு உரோமையரின் நேர்மையை வியந்த அரசர் நான்கு தூதர்களை உரோமைக்கு அனுப்பினார் என்கிறார் பிளினி. முகத்தை மட்டும் பார்க்காமல் எடையையும் பார்த்தவர் அந்த அரசர். புதுக்கோட்டைக்கு அருகே 1898-இல் கிடைத்த 501 உரோமைப் பொற்காசுகளிலும் இதே மனநிலையைக் காணலாம். பெரும்பாலான காசுகளில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். இந்த மண்ணில் இது சீசரின் காசாகச் செல்லாது, பொன்னாகவே செல்லும் என்று காட்டும் வெட்டு அது என்று ஆய்வாளர் பலர் கருதுவர். சீசரின் உருவத்துக்கு எல்லை உண்டு என்பதை அந்த உளி தன் வழியில் சொல்லிவிட்டது.

இங்கே நமக்குப் பயன்படக்கூடிய சில செய்திகளையும் சொல்லிவிடுவோம். புனித நாட்டுக்குத் திருப்பயணம் போகிறவர்களிடம் 'இயேசு கையில் எடுத்த காசு' என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அவற்றில் பல நகல்கள். உண்மையான தெனாரியத்தைச் சம்மட்டியால் ஒவ்வொன்றாக அடித்தார்கள். ஆகவே முழு வட்டமாக இருக்காது. முகம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். வார்த்து எடுத்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரியும்; மேற்பரப்பில் ஊசிமுனை அளவுக் குழிகள் இருக்கும். எடையும் ஒத்துவராது. செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய கள்ளக்காசுகள் அந்தக் காலத்திலேயே இருந்தன. தேய்ந்த இடத்தில் செம்பு எட்டிப் பார்க்கும். பழங்காசு எதையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கக் கூடாது. பளபளப்பு வரும், மதிப்புப் போய்விடும். நிலம் தோண்டும்போது இத்தகைய காசுகள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது. சீசருக்குரியதைச் சீசருக்குக் கொடுப்பது என்பதில் இதுவும் அடங்கும்.

அன்பார்ந்தவர்களே, இதுவரை சந்தை விலையைப் பேசினோம். ஆனால் அந்தக் காசைக் கையில் பிடித்தவருக்கு அதன் மதிப்பு என்ன? திராட்சைத் தோட்ட உரிமையாளர் உவமையில் ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம். அது நல்ல கூலியா? கி.பி. 14-இல் தன்யூப் ஆற்றுப் பகுதியிலிருந்த உரோமைப் படைவீரர்கள் கலகம் செய்தார்கள். தங்கள் உடலுக்கும் உயிருக்கும் நாளொன்றுக்குப் பத்துச் செப்புக்காசுதான் விலையா, அதிலிருந்தே உடைக்கும் ஆயுதத்துக்கும் கூடாரத்துக்கும் பிடித்துக்கொள்கிறார்களே என்று முறையிட்டார்கள். நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. அது கிடைக்கவில்லை. ஆண்டுக்கு 225 தெனாரியம் என்ற பழைய ஊதியமே அந்த நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது. உரோமையின் படைவீரன் கலகம் செய்தும் பெறாத கூலியை, மாலை ஐந்து மணிக்கு வந்து ஒரு மணி நேரம் வேலை செய்தவருக்கு அந்தத் தோட்ட உரிமையாளர் கொடுக்கிறார்! அந்த ஒரு காசு என்பது ஒரு குடும்பத்தின் அன்றைய அடுப்பு. நல்ல சமாரியர் சாவடிக்காரரிடம் கொடுத்தது இரண்டு தெனாரியம். தன் உழைப்பில் இரண்டு நாள்களை முன்பின் அறியாத ஒருவருக்குக் கொடுத்தார் என்று பொருள். பெத்தானியாவில் ஒரு பெண் ஆண்டவர்மீது ஊற்றிய நறுமணத் தைலம் முந்நூறு தெனாரியத்துக்கு மேல் பெறும் என்று முணுமுணுத்தார்கள். ஏறக்குறைய ஓராண்டு உழைப்பு. இந்த மதிப்பு எந்த வணிகரின் விலைப்பட்டியலிலும் இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காசு சேகரிப்பவர்கள் தேயாத காசுக்கே அதிக விலை கொடுப்பார்கள். முடியின் இழைகள் தெரிய வேண்டும், எழுத்து ஒன்றும் அழியக் கூடாது. தேய்ந்தது மலிவு. சந்தையின் கணக்கில் அது சரி. ஆனால் ஒரு காசு ஏன் தேயாமல் இருக்கிறது? அடித்த சில நாள்களிலேயே யாரோ ஒருவருடைய பானைக்குள் போய்விட்டது. அது யாருடைய பசியையும் ஆற்றவில்லை; எந்தக் கடனையும் அடைக்கவில்லை. தேய்ந்த காசு அப்படி அல்ல. கூலியாகவும், கோதுமையாகவும், மருந்தாகவும், மகளுக்குச் சீராகவும் ஆயிரம் கைகள் மாறியிருக்கிறது. அது செய்த வேலையே அதைத் தேய்த்தது.

காசில் உள்ள உருவத்தைக் குறிக்க நற்செய்தி பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லும், மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டதைக் கூறும் தொடக்கநூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் வரும் சொல்லும் ஒன்றே. சீசரின் உருவம் காசில், கடவுளின் உருவம் மனிதரில். ஆகவே காசு சீசருக்கு, மனிதர் கடவுளுக்கு என்று கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த தெர்த்துல்லியன் விளக்கினார். புனித அகுஸ்தினார் ஒரு படி மேலே சென்று, நாம் கடவுளின் கருவூலத்திலிருந்து தவறிப்போன காசுகள், பாவத்தால் முத்திரை தேய்ந்தது, முதலில் பொறித்தவரே மீண்டும் பொறிக்க வந்தார் என்று போதித்தார். பாவத்தால் தேய்வது உண்மை. அதோடு அன்பால் தேய்வதும் உண்மை என்பதை நாம் சேர்த்துக்கொள்வோம்.

நம் இல்லங்களில் அப்படித் தேய்ந்தவர்கள் இருக்கிறார்கள். மூட்டை சுமந்து முதுகு வளைந்த அப்பா, அடுப்புப் புகையில் கண் மங்கிய பாட்டி, தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதற்குள் வயதாகிவிட்ட அக்கா. அவர்களுக்கு நாம் என்ன விலை போடுகிறோம்? மூலையில் ஒரு கட்டில், கேட்டும் கேளாத ஒரு பதில். முகத்தின் முத்திரை மங்கிவிட்டது என்பதற்காகச் செல்லாக்காசு என்று ஒதுக்கிவிடுகிறோம். யாருடைய உருவம் இது என்று ஆண்டவர் நம்மிடம் கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

பத்து வெள்ளிக்காசு வைத்திருந்த பெண்ணின் உவமையை நாம் அறிவோம். அவர் தொலைத்தது திராக்மா என்ற கிரேக்க வெள்ளிக்காசு. மதிப்பில் ஏறக்குறைய ஒரு தெனாரியம். அது தேயாத காசா, தேய்ந்த காசா என்று லூக்கா எழுதவில்லை. அந்தப் பெண்ணும் அதைப் பார்க்கவில்லை. விளக்கை ஏற்றினார், வீட்டைப் பெருக்கினார், கிடைக்கும்வரை தேடினார், கிடைத்ததும் அக்கம்பக்கத்தாரை அழைத்து மகிழ்ந்தார்.

இன்று மாலை வீட்டில் விளக்கேற்றும்போது, அதே வீட்டின் மூலையில் இருக்கும் தேய்ந்த காசு ஒன்றின் அருகே போய்ச் சற்று நேரம் உட்காருவோம். அவர் சொல்வதைக் கேட்போம். கடவுளுக்கு உரியதைக் கடவுளுக்குக் கொடுப்பதை அங்கிருந்து தொடங்கலாம்.

எல்லாம் வல்ல இறைவன் நம்மையும் நம் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.